மூளைக்குள் ஓடும் ரத்தத்தைப் படம் பிடித்த டாக்டர்: ‘ஆஞ்சியோ’ எடுத்த எகாஸ் மோனிஸும் ஆபத்தான அந்த ‘டை’யும்

புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் வாசலில் நிற்கும் யாரிடம் கேட்டாலும், ‘ஆஞ்சியோ’ன்னா ஹார்ட்டுக்கு எடுக்கிற டெஸ்ட் என்றுதான் சொல்வார்கள். ஆனால் இதயத்தின் ரத்தக்குழாய்களை இப்படிப் படம் எடுப்பதற்கு 30 ஆண்டுகள் முன்பே, 1927-ல், மூளைக்கு ஆஞ்சியோ எடுத்துவிட்டார் ஒருவர். அவர் போர்ச்சுகலின் முன்னாள் வெளியுறவு அமைச்சர்!

யார் இவர்?

1874 நவம்பர் 29-ல் போர்ச்சுகலின் அவான்கா கிராமத்தில் பிறந்தவர் அந்தோனியோ எகாஸ் மோனிஸ். எகாஸ் மோனிஸ் என்பது 12-ம் நூற்றாண்டு வீரர் ஒருவரின் பெயர். அவருடைய வம்சம் என்று குடும்பத்தில் நம்பியதால் பிள்ளைக்கும் அதையே சேர்த்துவிட்டார்கள்.

கோயிம்பிராவில் மருத்துவம் படித்தார். பிரான்சில் போர்தோ, பாரிஸ் நகரங்களில் நரம்பியல் பயின்றார். 1911-ல் லிஸ்பனில் பேராசிரியர். நடுவே அரசியல் வேறு. 1903-ல் எம்.பி., 1917-ல் ஸ்பெயினுக்கான தூதர், 1918-ல் வெளியுறவு அமைச்சர். முதல் உலகப்போர் முடிந்ததும் நடந்த பாரிஸ் அமைதி மாநாட்டுக்குப் போர்ச்சுகல் குழுவைத் தலைமையேற்று அழைத்துப் போனவர் இவர்தான். அதன்பிறகு அரசியலை விட்டு ஆஸ்பத்திரிக்கே திரும்பினார். ஒருவகையில் மருத்துவத்துக்கு அது நல்லதாப் போச்சு.

அப்போது என்ன பிரச்சினை?

உடம்பில் ரத்தம் தமனி வழியாக வந்து, முடியைவிட மெல்லிய நுண்குழாய்களில் வேகம் குறைந்து, அப்புறம்தான் சிரைக்குள் போகும். சிலருக்குப் பிறவியிலேயே மூளையின் ஓரிடத்தில் அந்த நுண்குழாய்கள் இருக்காது. தமனியும் சிரையும் நூல்கண்டு சிக்கின மாதிரி நேரடியாகப் பின்னிக்கிடக்கும். தமனியின் அழுத்தத்தைத் தாங்குகிற பலம் சிரைக்குக் கிடையாது. தலைவலி, வலிப்பு என்று தொடங்கலாம். திடீரென வெடித்து மூளைக்குள் ரத்தம் கசியலாம். ரத்தக்குழாய்களே மண்டி வளரும் அபூர்வக் கட்டிகளும் உண்டு.

1920-களில் இதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழி இல்லை. எக்ஸ்ரேயில் மண்டையோடு தெரியும், மூளை தெரியாது. மூளைக்குள் காற்றைச் செலுத்திப் படம் எடுக்கும் முறை இருந்தது. நோயாளிக்குக் கடும் வேதனை, ரத்தக்குழாயும் தெரியாது. கட்டி என்று நினைத்து மண்டையைத் திறந்தால், உள்ளே துடித்துக்கொண்டிருக்கும் ரத்தக்குழாய் முடிச்சு. அமெரிக்காவின் பெயர்பெற்ற மூளை அறுவை நிபுணர் ஹார்வி குஷிங் போன்றவர்களே அதில் கைவைக்கத் தயங்கினார்கள்.

1927: லிஸ்பனில் நடந்தது

எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய மருந்தைக் கழுத்துத் தமனியில் செலுத்தினால் மூளையின் ரத்தக்குழாய்கள் தெரியுமே என்று யோசித்தார் மோனிஸ். சிக்கல் என்னவென்றால், இளம் வயதிலேயே வந்த கவுட் நோயால் அவர் கைவிரல்கள் கோணிப்போயிருந்தன. ஊசியைப் பிடிக்க முடியாது. அந்த வேலையைச் செய்தவர் இளம் மருத்துவர் பெட்ரோ அல்மெய்டா லிமா.

முதலில் சடலங்களில் சோதனை. பிறகு நோயாளிகளுக்கு ஸ்ட்ரான்ஷியம் புரோமைடு. ஒருவர் இறந்துபோனார். மருந்தை மாற்றி 25 சதவீத சோடியம் அயோடைடுக்கு வந்தார்கள். 1927 ஜூன் 28-ல் படம் தெளிவாக விழுந்தது. மூளையின் அடியில் இருந்த கட்டி, ரத்தக்குழாய்களை இடம் மாற்றித் தள்ளியிருந்தது தெரிந்தது. பத்தே நாளில், ஜூலை 7-ல், பாரிஸ் நரம்பியல் சங்கத்தில் அதை வெளியிட்டார். அப்போது புதுச்சேரியையும் ஆண்டுகொண்டிருந்தது அதே பாரிஸ்தான்.

டாக்டர்கள் இதில் பார்ப்பது வடிவத்தை மட்டும் இல்லை, நேரத்தையும்தான். டை முதலில் தமனியில், சில விநாடி கழித்துச் சிரையில் தெரிய வேண்டும். சிரை சீக்கிரமே நிரம்பிவிட்டால் நடுவில் குறுக்குவழி இருக்கிறது என்று அர்த்தம்.

உதவிய மருந்தே எமனானது எப்படி?

அயோடைடு ஊசி வலித்தது, வலிப்பும் வந்தது. 1931-ல் மோனிஸ் ‘தோரோட்ராஸ்ட்’ என்ற டைக்கு மாறினார். வலி இல்லை, படமும் பளிச். உலகமே வாங்கிப் பயன்படுத்தியது.

ஆனால் அதிலிருந்தது தோரியம் என்ற கதிரியக்கப் பொருள். உடம்பைவிட்டு வெளியேறாமல் கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கி, ஆயுள் முழுக்கக் கதிர்வீச்சு வீசியது. ஆபத்து என்று அப்போதே சில மருத்துவர்கள் எச்சரித்தும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபது, முப்பது ஆண்டு கழித்துப் பலருக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்தது. அதில் ஒன்று ஆஞ்சியோசர்கோமா. அதாவது, ரத்தக்குழாயிலேயே உருவாகும் மிக அபூர்வமான புற்றுநோய்! ரத்தக்குழாய் நோயைப் பார்க்க உதவிய டை, ரத்தக்குழாய்ப் புற்றையே கொடுத்துவிட்டது. 1947-லேயே இப்படி ஒரு நோயாளி பற்றிய மருத்துவக் குறிப்பு அமெரிக்காவில் வெளியாகிவிட்டது. 1950-கள் வரை அந்த டை புழக்கத்தில் இருந்தது.

நோபல் கிடைத்தது எதற்கு?

ஆஞ்சியோவுக்குப் பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்கவில்லை. மனநோயாளிகளின் மூளை நரம்பிழைகளை வெட்டும் அறுவைக்காக 1949-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பலரின் வாழ்க்கையைக் குலைத்த அந்த அறுவை இன்று அநேகமாகக் கைவிடப்பட்டுவிட்டது. பரிசு தப்பான வேலைக்குப் போனது என்றே சொல்லலாம். 1955 டிசம்பர் 13-ல் லிஸ்பனில் இறந்தார் மோனிஸ்.

நம்ம பக்கம் எப்போது வந்தது?

சீர்காழியில் பிறந்த டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-ல் சென்னை பொது மருத்துவமனையில் மூளை அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். மூளை ரத்தக்குழாய் வீக்கம் இந்தியர்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று 1969-ல் ஆய்வுக் கட்டுரையும் எழுதினார்.

இன்று முதலில் சிடி, எம்ஆர்ஐ ஸ்கேன். சந்தேகம் இருந்தால் தொடையிலோ மணிக்கட்டிலோ மெல்லிய குழாயை நுழைத்து ஆஞ்சியோ. முடிச்சு உறுதியானால் அறுவை சிகிச்சை, உள்ளேயே பசை செலுத்தி அடைப்பது, குறிபார்த்துக் கதிர்வீச்சு கொடுப்பது என வழிகள் உண்டு. கதிர்வீச்சு கொடுத்தால் முடிச்சு மூடிக்கொள்ள இரண்டு, மூன்று ஆண்டுகூட ஆகும். சிலருக்குத் தொடாமல் கண்காணிப்பதே பாதுகாப்பு.

இப்போது செலுத்தும் டை, மோனிஸ் முதலில் பயன்படுத்திக் கைவிட்ட அதே அயோடின் வகையைச் சேர்ந்தது. ஆனால் வலியும் ஆபத்தும் வெகுவாகக் குறைந்த புதிய வடிவம். கிட்னி கோளாறு இருந்தாலோ, முன்பு ஸ்கேன் ஊசி போட்டபோது அலர்ஜி வந்திருந்தாலோ, டெஸ்ட்டுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.