பட்டறையில் பயின்ற மேதை ஹென்றி மோட்ஸ்லி

மண்ணை அள்ளும் இயந்திரத்தின் கரமும், வானூர்தியின் சக்கரங்களை இறக்கும் அமைப்பும், நம் காரின் பிரேக்கும் மூடிய குழாயினுள் அடைபட்ட திரவத்தின் அழுத்தத்தால் இயங்குபவை. மின்னமைப்புகளோடு இத்தகைய அமைப்புகளையும் தொழிற்பள்ளியில் பயிலும் மாணவர் தொடக்கத்திலேயே சந்திக்கும் எதிரி ஒன்றுண்டு. அதுவே கசிவு. ஏறத்தாழ 230 ஆண்டுகளுக்கு முன் அந்த எதிரியை வென்றவர், பல்கலைக்கழக வாசலை மிதியாத ஓர் இளந்தொழிலாளி. அவரே ஹென்றி மோட்ஸ்லி.

இவர் 1771ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள் இலண்டனை அடுத்த வுல்விச்சில் பிறந்தார். தந்தை அங்கிருந்த அரச படைக்கலச் சாலையில் பணியாற்றியவர். வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அக்காலத்தில் நீண்ட பள்ளிப்படிப்பு வாய்ப்பதில்லை. 12ஆம் வயதில் மோட்ஸ்லி அதே சாலையில் தோட்டாக்களுக்கு வெடிமருந்து நிரப்பும் வேலையில் அமர்ந்தார். பின்னர் தச்சுப் பட்டறைக்கு மாற்றப்பட்டார். ஆயினும் அவர் உள்ளம் மரத்தில் பதியவில்லை. அருகிலிருந்த கொல்லுப்பட்டறையின் நெருப்பையும் இரும்பையுமே நாடியது. இறுதியில் அங்கேயே சேர்ந்து, அரம் பிடிப்பதிலும் இரும்பை வடிப்பதிலும் இளமையிலேயே பெயர் பெற்றார்.

அந்நாளில் இலண்டனில் ஜோசப் பிராமா என்னும் புத்தாக்குநர் வாழ்ந்தார். உழவர் குடும்பத்தில் பிறந்து, இளமையில் கால் ஊனமுற்றதால் தச்சுத்தொழில் பயின்றவர் அவர். எவராலும் திறக்க இயலாத பூட்டு ஒன்றை வடிவமைத்திருந்தார். ஆனால் அதன் நுண்ணிய உறுப்புகளைச் செய்து தரத் தக்க கைகள் கிடைக்கவில்லை. 1789இல் 18 வயது மோட்ஸ்லி அவரிடம் வந்தார். வயதோ குறைவு, ஏழாண்டுத் தொழிற்பயிற்சியை முறைப்படி முடித்த சான்றும் இல்லை. ஆகவே தேய்ந்துபோன பழைய பட்டறைப் பிடிகருவி ஒன்றைச் செப்பனிடுமாறு அவருக்குத் தேர்வு வைத்தனர் என்பர். அன்று மாலைக்குள் அதைப் புதியது போலாக்கி, அவர் வேலையைப் பெற்றார்.

பூட்டின் உறுப்புகளைத் துல்லியமாகச் செய்யும் கருவிகளை மோட்ஸ்லி உருவாக்கினார். அவர் கைப்பட உருவான பூட்டொன்றைப் பிராமா தம் கடைச் சாளரத்தில் வைத்து, திறப்பவருக்கு 200 கினி பரிசு என அறிவித்தார். 1851இல் அமெரிக்கரான ஆல்ஃபிரட் ஹாப்ஸ், பல நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்த பின்னரே அது திறந்தது.

1795இல் பிராமா நீரழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதன் அடிப்படையைப் பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் முன்னரே விளக்கியிருந்தார். அடைபட்ட திரவத்தின் மீது தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும். ஆகவே சிறிய பிஸ்டனைவிடப் பெரிய பிஸ்டனின் பரப்பு 100 மடங்காயின், சிறியதில் ஒரு கிலோ எடையை வைத்துப் பெரியதில் 100 கிலோவைத் தாங்கலாம். ஆனால் பெரியதை ஒரு சென்டிமீட்டர் உயர்த்தச் சிறியதை 100 சென்டிமீட்டர் தள்ள வேண்டும். ஏட்டில் கணக்குச் சரியாக இருந்தது; பட்டறையிலோ பிஸ்டனைச் சுற்றிய இடைவெளியில் நீர் பீறிட்டது. நீர் புகாதபடி இறுக்கி அடைத்தால், அழுத்தம் நீங்கிய பின்னும் பிஸ்டன் இறங்க மறுத்தது.

இச்சிக்கலைத் தீர்த்தது ஒரு தோல் துண்டு. கிண்ணம் போல் வளைத்த தோல் வளையத்தை, அதன் குழிவான பக்கம் நீரை நோக்குமாறு பொருத்தினர். நீரின் அழுத்தம் ஏற ஏறத் தோலின் விளிம்பு மேலும் இறுகிக் கசிவைத் தடுத்தது. அழுத்தம் தணிந்ததும் தானே தளர்ந்து பிஸ்டனுக்கு வழிவிட்டது. தப்பியோட முயன்ற நீரே தனக்குத் தாழிட்டுக்கொண்டது! இத்தீர்வு மோட்ஸ்லியுடையதே என, பிற்காலத்தில் அவருடைய உதவியாளராயிருந்த ஜேம்ஸ் நாஸ்மித் கூறியுள்ளார். இன்று தோலுக்குப் பதில் செயற்கை ரப்பரும் நீருக்குப் பதில் எண்ணெயும் வந்துவிட்டன, தத்துவம் மாறவில்லை.

பட்டறையின் தலைமைப் பணியாளராக உயர்ந்தும் மோட்ஸ்லியின் ஊதியம் வாரம் 30 ஷில்லிங்கே. குடும்பம் பெருகியதால் உயர்வு கேட்டார், பிராமா மறுத்தார். 1797இல் வெளியேறிச் சொந்தப் பட்டறை தொடங்கினார். திருகாணிகளைத் துல்லியமாக வெட்டும் கடைசல் இயந்திரத்தையும், அங்குலத்தில் 10,000இல் ஒரு பங்கை அளக்கும் அளவுகருவியையும் செய்தார். பட்டறையின் அளவுப் பிணக்குகளுக்கெல்லாம் அக்கருவியே இறுதி நீதிபதி. மார்க் புருனெலின் வடிவமைப்பின்படி, கப்பல்களுக்குக் கப்பி செய்யும் இயந்திரங்களைப் போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்காக உருவாக்கினார். 110 பேர் செய்த வேலையை அங்கு 10 பேர் செய்தனர். 1808இல் ஓராண்டில் 130,000 கப்பிகள் உருவாயின.

எனினும் அவர் விட்டுச் சென்ற பெருஞ்செல்வம் அவரிடம் தொழில் பழகியோரே. நீராவிச் சம்மட்டியை உருவாக்கிய நாஸ்மித்தும், பாபேஜின் கணிப்பொறிக்கு உறுப்புகள் செய்த ஜோசப் கிளெமென்ட்டும், 1841இல் திருகாணிகளுக்குப் பொது அளவு வகுக்க வழிகாட்டிய ஜோசப் விட்வொர்த்தும் அவர் பட்டறையில் பணியாற்றியவர்களே. அவர்களுள் விட்வொர்த் 1868இல், இளம் தொழிலாளரும் பொறியியல் கற்கும் பொருட்டுப் புலமைப்பரிசில்களை நிறுவினார். தொழிலாளியின் பட்டறையில் ஏற்றிய விளக்கு இவ்வாறு அடுத்த தலைமுறைக்குக் கைமாறியது.

மோட்ஸ்லி 1831ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் நாள் மறைந்தார். பிறந்த ஊராகிய வுல்விச்சிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

மாணவச் செல்வங்களே! பஸ்காலின் விதி இல்லையேல் அந்த இயந்திரம் எண்ணத்தில்கூடத் தோன்றியிராது. மோட்ஸ்லியின் கைகள் இல்லையேல் அது வேலை செய்திராது. பெற்றோர்களே! மருத்துவமும் சட்டமும் பயிலும் பிள்ளைகளைக் கண்டு மகிழ்கிறோம். தொழிற்பள்ளிக்குச் செல்ல விரும்பும் பிள்ளையைக் கண்டு மட்டும் ஏன் முகம் வாட வேண்டும்? எண்ணெய் படிந்த கையோடு மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம் அன்று என்ன கற்றாய் என ஆவலோடு கேட்போம். அக்கைகளும் கல்வியையே ஏந்தி வருகின்றன.