அம்பாசிடருக்குள் ஒரு முறுக்குக் கம்பி: வீட்டு கராஜில் கார் செய்த அலெக் இஸிகோனிஸ் கதை

மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றியோ, அடையாறு காந்தி நகர் பக்கமோ நடந்துபோனால், கவர் போட்டு மூடிய பழைய கார் ஒன்றாவது கண்ணில் படும். தாத்தா ஓட்டிய அம்பாசிடர், அப்பா வாங்கிய ஃபியட், எப்படியோ கைமாறி வந்து சேர்ந்த ஃபோக்ஸ்வாகன் பீட்டில். பேரனுக்கோ பேத்திக்கோ வேலை கிடைத்து, கையில் நாலு காசு சேர்ந்ததும் முதலில் வரும் ஆசை, அந்த காரைத் தூசி தட்டி ஓட்டுவது. அடுத்து வரும் ஆசை, அதன் பின்பக்கத்தை ரெண்டு இன்ச் இறக்குவது.

வீடியோவில் பார்த்தால் அரை நாள் வேலை மாதிரிதான் தெரியும். ஒரு ஜாக், ஒரு ஸ்பேனர் செட், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவ்வளவுதானா? அந்த ரெண்டு இன்ச்சுக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று புரிய, சஸ்பென்ஷனை வீட்டு கராஜிலேயே செய்து பழகிய ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பார்க்கலாம். பெயர் அலெக் இஸிகோனிஸ். நம்ம அம்பாசிடருக்கும் அவருக்கும் உறவு உண்டு.

முதலில், டார்ஷன் பார் என்றால் என்ன?

சின்ன வயசில் ஊஞ்சலில் உட்கார்ந்து, கயிற்றை முறுக்கிவிட்டுக் காலைத் தூக்கியிருப்பீர்கள். கயிறு தானாகவே எதிர்ப்பக்கம் சுழன்று பழைய நிலைக்கு வரும். டார்ஷன் பார் செய்வதும் அதைத்தான். கயிற்றுக்குப் பதிலாக, நீளமான ஒரு எஃகுக் கம்பி. அதன் ஒரு முனை காரின் சட்டத்தில் அசையாமல் பூட்டப்பட்டிருக்கும். மறுமுனை, சக்கரத்தைத் தாங்கும் கையோடு சேர்ந்திருக்கும். சக்கரம் மேட்டில் ஏறும்போது கம்பி முறுக்கிக்கொள்ளும், இறங்கும்போது திரும்பி வரும். சுருள் ஸ்பிரிங்கும் இல்லை, லாரிக்கு அடியில் அடுக்கடுக்காக இருக்கும் பட்டை ஸ்பிரிங்கும் இல்லை.

1931இல் ஃபெர்டினாண்ட் போர்ஷே இதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னால் அவர் வடிவமைத்த பீட்டிலில் முன்னும் பின்னும் இதுவே வந்தது. 1934இல் வந்த சிட்ரோயன் டிராக்‌ஷன் அவான்ட் காரிலும் நாலு சக்கரத்துக்கும் டார்ஷன் பார்தான். 90களில் இந்தியாவில் விற்ற பெஜோ 309 காரின் பின்பக்கத்திலும் இது உண்டு. இஸிகோனிஸ் மிகவும் ரசித்த கார் அந்த சிட்ரோயன்.

எல்லாவற்றையும் இழந்து வந்த பையன்

1906 நவம்பர் 18 அன்று ஸ்மிர்னாவில், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரில் பிறந்தார் இஸிகோனிஸ். அப்பா கிரேக்க வம்சாவளி, பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர், கப்பல் இன்ஜின் தொழில் நடத்தியவர். அம்மா ஜெர்மன் குடும்பத்தைச் சேர்ந்தவர். பட்டறைச் சத்தத்திலேயே வளர்ந்த பையன்.

1922இல் துருக்கிப் படை ஸ்மிர்னாவைக் கைப்பற்றியது. நகரம் தீப்பற்றி எரிந்தது. பிரிட்டிஷ் குடிமக்களைக் கடற்படைக் கப்பல்கள் மால்டாவுக்கு ஏற்றிச்சென்றன. வீடு, தொழில், சொத்து எல்லாம் அங்கேயே போயிற்று. கொஞ்ச காலத்தில் அப்பாவும் இறந்துவிட, அம்மாவும் மகனும் லண்டன் போய்ச் சேர்ந்தார்கள்.

பேட்டர்ஸீ பாலிடெக்னிக்கில் இன்ஜினியரிங் சேர்ந்தார். படம் வரைவதில் கெட்டிக்காரர். கணக்கு மட்டும் வரவே இல்லை. கணிதத் தேர்வில் மூன்று முறை தோற்றார். சுத்தக் கணிதம் கற்பனைக்கு எதிரி என்று பின்னாளில் சொல்லிக்கொண்டு திரிந்தார். கண்ணால் பார்த்து, கையால் செய்து, சரியாக இருக்கிறதா என்று சோதிப்பதே அவர் வழி. அவருடைய வெற்றிக்கும் அதுதான் காரணம், சறுக்கலுக்கும் அதுதான் காரணம்.

கராஜில் பிறந்த ரேஸ் கார்

1930களில் அவரிடம் ஒரு ஆஸ்டின் செவன் இருந்தது. அதை வைத்து ரேஸ் ஓட்டினார், பிரித்து மாற்றினார், மறுபடி ஓட்டினார். ஒரு கட்டத்தில், மாற்றுவதைவிடப் புதிதாகவே ஒன்று செய்துவிடலாம் என்று தோன்றியது. நண்பர் ஜார்ஜ் டவ்சனோடு சேர்ந்து, லைட்வெயிட் ஸ்பெஷல் என்ற சின்ன ரேஸ் காரைச் செய்ய ஆரம்பித்தார். பகலில் கம்பெனி வேலை, மற்ற நேரம் கராஜ். மின்கருவிகள் இல்லை. ரம்பம், அரம், கைத்துளைப்பான். அலுமினியத் தகடு ஒட்டிய பிளைவுட்டால் உடல். முடிக்க 5 வருஷம் போல ஆனது.

அந்த காரின் விசேஷமே சஸ்பென்ஷன்தான். உலோக ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர். முன்பக்கத்தில் ரப்பர் அழுந்தும், பின்பக்கத்தில் ரப்பர் இழுபடும். நாலு சக்கரமும் தனித்தனியே மேலும் கீழும் போகும். அந்தக் காலத்து ரேஸ் கார்கள் மாட்டு வண்டி போலக் குதித்துக்கொண்டு போனபோது, இது சாலையோடு ஒட்டிக்கொண்டு ஓடியது. சக்கரம் தரையை விட்டு எழும்பினால் பிரேக்கும் வேலை செய்யாது, ஸ்டியரிங்கும் வேலை செய்யாது. இந்தப் பாடத்தை அவர் கையில் கிரீஸ் பட்டுக் கற்றுக்கொண்டார்.

நாலு இன்ச்

1936இல் மோரிஸ் கம்பெனியில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, போருக்குப் பிறகு சாதாரண குடும்பம் வாங்கக்கூடிய சின்ன கார் ஒன்றின் வேலை தொடங்கியது. இஸிகோனிஸ் கையால் கிறுக்கித் தரும் படங்களை ஜாக் டேனியல்ஸ் அளவுள்ள வரைபடங்களாக மாற்றிக்கொடுத்தார். முன்பக்கத்துக்கு டார்ஷன் பார் என்று முடிவானது. சக்கரத்திலிருந்து பின்னோக்கி, காரின் நீளவாக்கில் ஓடும் இரண்டு கம்பிகள். இடத்தை அடைக்காது, எடையும் சக்கரத்தில் ஏறாது.

1947இல் எல்லாம் தயார். ஆனால் இஸிகோனிஸுக்கு மனசு ஒப்பவில்லை. கார் ஒடிசலாகத் தெரிந்தது. மாதிரி காரை நடுவில் நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார். இரண்டு பாதியையும் மெல்ல நகர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். 4 இன்ச் இடைவெளி வந்ததும், போதும் என்றார். அகலம் கூடியதால் பார்க்கவும் நன்றாக இருந்தது, வளைவில் நிலையாகவும் நின்றது. பம்பர்கள் ஏற்கெனவே தயாராகிவிட்டதால், அவற்றையும் நடுவில் வெட்டி 4 இன்ச் துண்டு வைத்தார்கள். ஆரம்பகால கார்களில் அந்த ஒட்டை இன்றும் பார்க்கலாம்.

1948 அக்டோபரில் லண்டன் கண்காட்சியில் வந்த அந்த கார்தான் மோரிஸ் மைனர். முதலாளி நஃபீல்டு பிரபுவுக்கு அது பிடிக்கவே இல்லை. உடைத்து வேகவைத்த முட்டை மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தார். 1960 டிசம்பரில் அது 10 லட்சத்தைத் தொட்டது. பிரிட்டனில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் கார். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்திலும் அது ஓடிக்கொண்டிருந்தது.

உத்தர்பாரா வழியாக நம்ம தெருவுக்கு

அதே கண்காட்சியில், மைனரின் அண்ணன் மாதிரி மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற காரும் வந்தது. அதிலும் இஸிகோனிஸின் முன்பக்க டார்ஷன் பார். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இந்த வண்டிகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. மைனர், பேபி ஹிந்துஸ்தான் ஆனது. ஆக்ஸ்ஃபோர்டு, ஹிந்துஸ்தான் 14 ஆனது. பிறகு லேண்ட்மாஸ்டர். 1950களின் இறுதியில், ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையிலிருந்து அம்பாசிடர்.

இஸிகோனிஸ் 1952இலேயே மோரிஸை விட்டுப் போய்விட்டார். ஆனால் முன்சக்கரத்தை முறுக்குக் கம்பி தாங்கும் அந்த யோசனை வம்சம் தாண்டி வந்தது. கோட்டைக்குப் போன அமைச்சர் காரிலும், சென்ட்ரலில் சவாரிக்கு நின்ற டாக்ஸியிலும் அது இருந்தது. 2014இல் அம்பாசிடர் தயாரிப்பு நின்றது.

மழையில் தோற்ற மேதை

1956இல் சூயஸ் நெருக்கடி. பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பஞ்சம். பழைய நிறுவனத்துக்கே திரும்பியிருந்த இஸிகோனிஸிடம், சின்னதாக ஒரு கார் வேண்டும், சீக்கிரம் வேண்டும் என்றார்கள். 1959 ஆகஸ்டில் மினி வந்தது. 10 அடி நீளம், 10 இன்ச் சக்கரம், குறுக்காகத் திருப்பி வைத்த இன்ஜின். சஸ்பென்ஷனுக்கு மறுபடியும் ரப்பர், இந்த முறை நண்பர் அலெக்ஸ் மோல்டனின் ரப்பர் கூம்புகள். இன்றைய சின்ன கார்களில் பெரும்பாலானவை இன்ஜினைக் குறுக்காக வைப்பதற்கு மினி காட்டிய பாதை ஒரு பெரிய காரணம்.

ஆனால் முதல் மழைக்காலத்திலேயே மினிக்குள் தண்ணீர் புகுந்தது. தரைத் தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று படியும் மடிப்பு தவறான திசையில் இருந்ததால், சக்கரம் அள்ளி அடிக்கும் தண்ணீர் நேராக உள்ளே போனது. நல்ல வெயில் காலத்தில் சோதித்தவர்கள் கண்ணில் அது படவில்லை.

பணத்திலும் இதே கதை. ஃபோர்டு நிறுவனம் ஒரு மினியை வாங்கி, போல்ட் போல்ட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் விலை போட்டுப் பார்த்தது. இந்த விலைக்கு விற்றால் நஷ்டம்தான் என்று வந்தது கணக்கு. மினி சுமார் 53 லட்சம் விற்றது, ஆனால் கம்பெனி அதில் பணக்காரன் ஆகவில்லை.

கண் சொன்னதை அறுத்துப் பார்த்துச் சோதித்த இடத்தில் இஸிகோனிஸ் ஜெயித்தார். அளக்காமல் விட்ட இடத்தில் தோற்றார். 1969இல் சர் பட்டம் கிடைத்தது, 1971இல் ஓய்வு. கல்யாணம் செய்துகொள்ளாமல், அம்மாவோடே வாழ்ந்தவர். 1988 அக்டோபர் 2 அன்று காலமானார்.

சரி, உங்கள் ரெண்டு இன்ச்?

டார்ஷன் பாரின் இரு முனைகளிலும் பற்கள் இருக்கும். அவற்றைக் கழற்றி, கொஞ்சம் திருப்பி மாட்டினால் காரின் உயரம் மாறும். பீட்டிலின் பின்பக்கக் கம்பியில் உள்முனையில் 40 பற்கள், வெளிமுனையில் 44. உள்ளே ஒரு பல் என்றால் 9 டிகிரி, வெளியே ஒரு பல் என்றால் 8 டிகிரிக்குச் சற்று மேல். ஒன்றை இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் ஒரு பல் நகர்த்தினால், கிடைப்பது ஒரு டிகிரிக்கும் குறைவான நுணுக்கமான மாற்றம். அழகான ஏற்பாடு.

ஆபத்தும் அங்கேதான். வண்டியைத் தூக்கிய பிறகும் கம்பி முறுக்கேறித்தான் இருக்கும். அதன் கையைத் தடுப்பிலிருந்து நெம்பி எடுக்கும் நொடியில், கீழே விசையோடு அடிக்கும். விரலோ முகமோ எதிரே இருந்தால் அவ்வளவுதான். வெறும் ஜாக்கை நம்பிக் காருக்கு அடியில் படுப்பது இன்னும் மோசம்.

இன்னொன்றையும் புரிந்துகொள்ளுங்கள். பல்லைத் திருப்பினால் கம்பியின் விறைப்பு கூடாது. கார் தாழ்வாக நிற்கும், சக்கரம் மேலே எழும்ப இருக்கும் இடம்தான் குறையும். அந்த இடம் தீர்ந்ததும் சக்கரக் கை ரப்பர் தடுப்பில் போய் முட்டும், டயர் துள்ளும். பழைய பீட்டிலில் பின்சக்கரங்களின் மேல்பகுதி உள்நோக்கிச் சாயும், டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும். ஷாக் அப்சார்பர், பிரேக் குழாய் எல்லாமே பழைய உயரத்துக்குப் பொருத்தப்பட்டவை.

இதோடு நம்ம ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெருவுக்கு நாலு வேகத்தடை. டிசம்பரில் தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதை. சட்டமும் உண்டு. தயாரிப்பாளர் சொன்ன அம்சங்களிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதனால் முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள், பிறகு டார்ஷன் பார் பிரித்துப் பழகிய மெக்கானிக்கிடம் போங்கள்.

நீங்களே பக்கத்தில் நின்று பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். பிரிப்பதற்கு முன் சமதளத்தில் நிறுத்தி நாலு பக்க உயரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய பற்களின் இடத்தில் அடையாளம் போடுங்கள். அப்போதுதான், ஓட்டிப் பார்த்துப் பிடிக்காவிட்டால் தாத்தாவின் கார் பழைய உயரத்துக்கே திரும்ப முடியும்.