சட்டத்தால் நலம் காத்த அம்மையார்
(ராஜகுமாரி அம்ரித் கௌர் வாழ்க்கை வரலாறு)

நோயுற்றவருக்கு மருந்தளித்துப் பிழைக்க வைத்த மருத்துவரை, அவர்தம் குடும்பம் தலைமுறை தலைமுறையாக நன்றியுடன் நினைத்திருக்கும். ஆனால் உண்ணும் உணவில் கலப்படம் செய்தல் குற்றம் என்று சட்டம் வகுத்தவரையும், செவிலியர் பயிற்சிக்கு ஓர் ஒழுங்கினை ஏற்படுத்தியவரையும், குடிநீருக்கென்று வரவு செலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்கச் செய்தவரையும் எவரும் நினைப்பதில்லை. அவர்களால் காக்கப்பெற்றோருக்குத் தாம் காக்கப்பெற்றோம் என்பதே தெரியாது. அவ்வாறு முகமறியாக் கோடிக்கணக்கான மக்களுக்குத் தொண்டு செய்தவர்களுள் முதன்மையானவர், சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சராக விளங்கிய ராஜகுமாரி அம்ரித் கௌர் அம்மையார் ஆவார்.

பிறப்பும் துறவும்

அம்மையார் 1880-களின் இறுதியில் லக்னோ நகரில் பிறந்தார். தந்தையார் ராஜா ஹர்நாம் சிங், பஞ்சாபிலிருந்த கபூர்தலா அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். கிறித்துவ சமயத்தைத் தழுவியவர். தாயார் வங்காளத்தைச் சேர்ந்தவர். இங்கிலாந்தில் ஷெர்போர்ன் பெண்கள் பள்ளியில் கல்வி பயின்ற அம்மையார், மேலைநாட்டுப் பழக்கங்களில் தோய்ந்தவராகவே தாயகம் திரும்பினார். அரண்மனை வாழ்வு அவருக்குக் காத்திருந்தது.

ஆயினும் காந்தியடிகளின் பால் கொண்ட ஈடுபாடு அவர் வாழ்வின் போக்கை மாற்றியது. 1934-க்குப் பின் ஆசிரம வாழ்வை மேற்கொண்டு, அடிகளின் செயலாளர்களுள் ஒருவராகப் பல்லாண்டுகள் பணியாற்றினார். பட்டுடுத்திய கைகள் கதர் நூற்றன. 1927-இல் அகில இந்தியப் பெண்கள் மாநாடு தோன்றக் காரணமாயிருந்தோருள் அவரும் ஒருவர். பெண்கல்விக்காகவும், குழந்தை மணத்திற்கு எதிராகவும் ஓயாது உழைத்தார். விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை சென்றார். அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்ற பதினைந்து பெண்மணிகளுள் ஒருவராக, அடிப்படை உரிமைகளை வகுத்த துணைக் குழுவிலும் பணி புரிந்தார்.

பொறுப்பேற்ற காலம்

1947-இல் பண்டித நேரு அமைத்த அமைச்சரவையில் இடம்பெற்ற ஒரே பெண்மணி அம்ரித் கௌர். அவர் ஏற்ற சுகாதாரத் துறையின் அன்றைய நிலை எண்ணிப் பார்த்தற்கரியது. மலேரியாவினால் மட்டும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஏழரைக் கோடிப் பேர் நோயுற்றனர். எட்டு இலட்சம் பேர் மாண்டனர் என்பது அக்கால மதிப்பீடு. காசநோய், பெரியம்மை, காலரா ஆகியன ஊர்தோறும் உலவின. தேசப் பிரிவினையால் வீடிழந்து வந்த அகதிகளின் முகாம்களில் நோய் பரவாது தடுக்க வேண்டிய கடமையும் சேர்ந்துகொண்டது.

மற்றொரு தடையும் இருந்தது. பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலங்களின் அதிகாரத்திற்கு உட்பட்டவை. ஒரு சிற்றூரில் மருத்துவமனை திறக்கும் அதிகாரம்கூட மத்திய அமைச்சருக்குக் கிடையாது. கையில் நிதியும் மிகுதியாக இல்லை. இந்நிலையில் பாராளுமன்றத்தின் வாயிலாகத் தம்மால் செய்யக் கூடியவை எவை என்பதை அம்மையார் தெளிவாகக் கண்டார். நாடு முழுமைக்கும் பொதுவான தரங்களைச் சட்டமாக்குவது, மாநிலங்கள் தனித்து அமைக்க இயலாத நிறுவனங்களை அமைப்பது, பெருநோய்களை ஒழிக்க மாநிலங்களுக்கு மருந்தும் பொருளும் வழங்குவது என்னும் மூன்றுமே அவர் மேற்கொண்ட வழிகள்.

சட்டங்கள்

1947-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டில் மருந்தாளுநர் சட்டமும் பல் மருத்துவர் சட்டமும் வந்தன. அதுவரை, பயிற்சி பெற்றவர் யார், பெறாதவர் யார் என்று நோயாளி அறிந்துகொள்ள நாடு முழுமைக்குமான அளவுகோல் இல்லை. மருந்து கலந்து கொடுப்பவருக்கு இன்ன கல்வி வேண்டும், செவிலியருக்கு இன்ன பயிற்சி வேண்டும் என்ற வரையறைகள் இச்சட்டங்களால் பிறந்தன.

1954-இல் இரு முக்கியச் சட்டங்கள் இயற்றப்பெற்றன. ஒன்று, உணவுக் கலப்படத் தடைச் சட்டம். மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டிருந்த விதிகளை ஒன்றாக்கிய இச்சட்டம், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை அரை நூற்றாண்டுக்கும் மேலாக நம் சமையலறைகளைக் காத்து நின்றது. மற்றொன்று, தீராத நோய்களை மந்திரத்தாலும் மாய மருந்தாலும் தீர்ப்பதாகச் செய்யப்படும் விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம். ஏழை எளியோரின் அச்சத்தைப் பணமாக்கும் வணிகத்திற்கு அது வேலியிட்டது.

அதே 1954-இல் தேசியக் குடிநீர் மற்றும் துப்புரவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. மத்திய அரசு ஊழியர்களுக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டமும் அவ்வாண்டிலேயே தில்லியில் தோன்றியது. 1953-இல் தொடங்கிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்படி வீடுதோறும் டி.டி.டி. மருந்து தெளிக்கப்பட்டது. ஐந்தாண்டுகளுக்குள் நோயுற்றோர் தொகை ஏறத்தாழ இருபது இலட்சமாகக் குறைந்தது. பின்னர் கண்காணிப்புத் தளர்ந்தமையாலும், கொசுக்கள் மருந்தை எதிர்க்கும் வலிமை பெற்றமையாலும் 1970-களில் அந்நோய் மீண்டும் தலைதூக்கியது வேறு செய்தி.

தமிழகமும் தடுப்பூசியும்

காசநோய்த் தடுப்புக்கான பி.சி.ஜி. மருந்தினை நம் நாட்டிலேயே தயாரிக்க, 1948-இல் சென்னை கிண்டியில் ஆய்வுக்கூடம் அமைக்கப்பெற்றது. உலக சுகாதார நிறுவனம், யூனிசெஃப் ஆகியவற்றின் துணையுடன் தடுப்பூசி இயக்கம் நாடெங்கும் பரவியது. அதற்கு வன்மையான எதிர்ப்பும் தமிழகத்திலிருந்தே எழுந்தது. மூதறிஞர் ராஜாஜி 1955-இல் இத்தடுப்பூசியை எதிர்த்துச் சிறு நூலொன்றையே வெளியிட்டார். நலமாயுள்ள குழந்தைகளின் உடலில் உயிருள்ள கிருமியைச் செலுத்துதல் தகாது. அதன் பயன் ஐயமற நிறுவப்படவில்லை என்பது அவர்தம் வாதம்.

காந்தியடிகளின் அன்புக்குரிய இருவர் எதிரெதிரே நின்ற நிகழ்ச்சி இது. அம்மையார் மருத்துவ வல்லுநர்களின் கருத்தைச் சார்ந்து நின்று இயக்கத்தைத் தொடர்ந்தார். ராஜாஜியின் நூலுக்காக அவர் மீது வழக்கோ தடையோ வந்ததில்லை. கருத்துக்குக் கருத்தே விடையாயிற்று.

இவ்வழக்கின் தீர்ப்பினைப் பின்னாளில் எழுதியதும் தமிழக மண்ணே. 1968-இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு மாபெரும் ஆய்வு தொடங்கியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இவ்வூசி தடுப்பதில்லை என்று 1980-ஐ ஒட்டி வெளியான அதன் முடிவு காட்டியது. ஆயினும் பச்சிளங் குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் கொடிய காசநோயினின்று அது காப்பளிக்கிறது. அதனாலேயே பிறந்த குழந்தைக்கு அது போடப்படுகிறது. ஆக, இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. மருத்துவத் துறையில் இறுதிச் சொல் ஆய்வுக்கே உரியது என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

அம்மையார் காலத்திலேயே, 1955-இல் செங்கற்பட்டுத் திருமணியில் மத்திய தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையம் உருவாயிற்று. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கியது. காசநோயாளி வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு குணமடையலாம், மலைவாசச் சிகிச்சை இல்லங்களுக்குச் செல்ல வேண்டுவதில்லை என்று உலகுக்கு மெய்ப்பித்தது அம்மையமே. ஏழைக் குடும்பங்களுக்கு அது எத்துணைப் பெரிய ஆறுதல்!

பெரும்பணி

அம்மையாரின் வாழ்நாட் பணியாக நிலைத்தது அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம். உயர் மருத்துவக் கல்வி பெற இந்திய மருத்துவர்கள் இங்கிலாந்து செல்ல வேண்டியிருந்த காலம் அது. இக்குறை நீங்க ஒரு தேசிய நிறுவனம் வேண்டும் என்று 1946-இலேயே போர் குழு பரிந்துரைத்திருந்தது. ஆனால் பணம்? கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து அரசு பத்து இலட்சம் பவுண்டு வழங்கியது. 1952-இல் புதுதில்லியில் அடிக்கல் நாட்டப்பெற்றது.

1956 பிப்ரவரி 18-ஆம் நாள் அம்மையார் இதற்கான மசோதாவை மக்களவையில் முன்வைத்தார். கட்டடத்தைக் காட்டிலும் அவர் கருதியது நிறுவனத்தின் தன்னுரிமை. அரசுத் துறையொன்றின் கிளையாக இராமல், சட்டத்தால் தோன்றிய தனி அமைப்பாக, தன் பாடத்திட்டத்தைத் தானே வகுத்துத் தானே பட்டம் வழங்கும் உரிமையுடன் அது இயங்க வேண்டும். அங்குள்ள மருத்துவர்கள் தனித்தொழில் நடத்தாமல் முழுநேரமும் கற்பித்தலிலும் ஆராய்ச்சியிலும் ஈடுபட வேண்டும் என்பன அவர் கொள்கைகள். அதே வேளையில் அதன் ஆட்சிக் குழுவில் பாராளுமன்ற உறுப்பினர் மூவர் இருக்கவும் சட்டம் வகை செய்தது. அமைச்சர் ஒருவர் தம் கைக்குள் வைத்துக்கொள்ளக் கூடிய அதிகாரத்தைத் தாமே சட்டமியற்றி விட்டுக்கொடுத்தது அரிய செயலன்றோ!

இங்கு ஒன்றை மறைத்தல் தகாது. இம்மசோதா வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான், யமுனையில் எடுக்கப்பட்ட குடிநீரில் கழிவுநீர் கலந்து, தலைநகரில் ஏறத்தாழ 29,000 பேர் மஞ்சள் காமாலைக்கு ஆளாயினர். தலைநகருக்கே தூய குடிநீர் தர இயலாதபோது உயர் ஆராய்ச்சி நிலையம் எதற்கு என்ற கேள்வி எழுதல் இயல்பே. நல்லாசிரியர்கள் இன்றி நல்ல மருத்துவர்கள் தோன்றார், நல்ல மருத்துவர்கள் இன்றிச் சிற்றூர் மருத்துவமனைகள் நிரம்பா என்பது அம்மையார் கொண்ட கருத்து. அக்கருத்து பெரிதும் மெய்யாயிற்று எனினும், குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் கால்வாயும் இன்றுவரை முழுமை பெறவில்லை. குடும்ப நலத் திட்டத்திலும், காந்திய நெறிப்படி தன்னடக்க முறையையே அவர் பெரிதும் வற்புறுத்தியமையால் அத்திட்டம் விரைந்து வளரவில்லை என்று குறை கூறுவோர் உண்டு.

கொடையும் முடிவும்

1950-இல் உலக சுகாதாரப் பேரவையின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்ற முதல் பெண்மணி என்ற பெருமையும் அம்மையாரைச் சேர்ந்தது. 1957-இல் அமைச்சர் பதவியினின்று விலகிய பின்னும் மாநிலங்களவை உறுப்பினராகவும், செஞ்சிலுவைச் சங்கத் தலைவராகவும் தொண்டினைத் தொடர்ந்தார். சிம்லாவில் தமக்கிருந்த மேனர்வில் என்னும் மாளிகையை, ஓய்வின்றி உழைக்கும் மருத்துவர்களும் செவிலியர்களும் விடுமுறையில் தங்கி இளைப்பாறுவதற்காக மருத்துவக் கழகத்திற்கே கொடையாக அளித்தார். 1964 பிப்ரவரி 6-ஆம் நாள் புதுதில்லியில் அவர்தம் வாழ்வு நிறைவுற்றது.

அவர் மசோதாவால் தோன்றிய சட்டத்தை 2012-இல் விரித்தே மேலும் ஆறு நகரங்களில் அத்தகைய கழகங்கள் சட்ட உரிமை பெற்றன. மதுரைக்கு அருகே தோப்பூரில் 2019-இல் அடிக்கல் நாட்டப்பெற்றதும் அவ்வழி வந்ததே.

பொருளை ஈதல் அறம். தம் அதிகாரத்தைப் பொதுநலத்திற்காக ஈதல் அதனினும் அரிது. அம்மையார் இரண்டையும் செய்தார். தம் காலத்தில் முடியாதவற்றை மறைக்காமல் வருங்காலத்தாரிடம் விட்டுச் சென்றார். நம் ஊரின் குடிநீர்த் தொட்டி தூய்மையாயுள்ளதா, அண்மையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் உள்ளாரா என்று கேட்கும் கடமை நம் ஒவ்வொருவருக்கும் உண்டு. வாக்கு வேண்டி வருவோரிடம் அதனைக் கேட்கத் தொடங்குவதே அம்மையாருக்கு நாம் செலுத்தும் மெய்யான அஞ்சலியாகும்.