இறுதிவரை காக்கும் வலிமை

கல்முனைப் பகுதிப் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கும்போது பிள்ளைகள் மரதன் ஓட்டத்துக்கு ஆயத்தமாகின்றனர். பெற்றோரின் உள்ளத்திலோ முதலிடம் பற்றிய ஆவலே மேலோங்குகிறது. ஆனால் நெடுந்தூர ஓட்டம் ஒருநாள் வேகமன்று, பல்லாண்டுத் தவம். நம் அயல்நாடாகிய இந்தியாவின் சிவநாத் சிங் என்பவரின் வாழ்வு இதனை நன்கு உணர்த்துகிறது.

பீகார் மாநிலத்தில் பக்சர் அருகேயுள்ள மஞ்சரியா எனும் சிற்றூரில் 1946ஆம் ஆண்டு பிறந்த அவர், இராணுவத்தில் சேர்ந்து ஓட்ட வீரரானார். பாதங்களில் ஒட்டுநாடா சுற்றி, காலணியின்றி ஓடுபவர் என்றே அவரைப் பலரும் அறிந்திருந்தனர். 1974இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டு விழாவில் 5,000 மீற்றர் ஓட்டத்தில் தங்கப் பதக்கம் வென்றார். 1976 மொன்றியல் ஒலிம்பிக் மரதனில் முற்பாதியில் முன்னணிக் குழுவினருடன் ஓடி, 2 மணி 16 நிமிடம் 22 செக்கனில் 11ஆம் இடம் பெற்றார்.

1978இல் ஜலந்தரில் 42.195 கிலோமீற்றரை 2 மணி 12 நிமிடத்தில் ஓடி முடித்தார். ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் சராசரியாக 3 நிமிடம் 8 செக்கன்! அந்தத் தேசிய சாதனையை 40 ஆண்டுகளுக்கு மேலாக எந்த இந்தியராலும் முறியடிக்க இயலவில்லை.

ஆயினும் 1980 மொஸ்கோ ஒலிம்பிக் மரதனை அவரால் நிறைவுசெய்ய முடியவில்லை. மாவீரனையும் பாதை ஒருநாள் நிறுத்திவிடுகிறது. அதனால் அவர் ஓடிய தூரம் வீணாகிவிடவில்லை. 2003இல், தமது 56ஆவது வயதில், நோயினால் அவர் காலமானார்.

இவ்வாழ்விலிருந்து நம் பிள்ளைகள் எதனைக் கற்கலாம்? தொடக்கத்தில் ஆரவாரத்துக்காகப் பாய்ந்து ஓடுபவர் பின்பாதியில் தளர்வார். ஆதலால் முதற் பகுதியை அடக்கமாக ஓட வேண்டும். தூரத்தை வாரந்தோறும் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். நம் கடற்கரை வெயிலில் விடிகாலையே பயிற்சிக்கு உகந்தது. தண்ணீரும் போதிய உறக்கமும் இன்றியமையாதவை. மென்மணலில் நெடுநேரம் ஓடுவது கெண்டைக்காலை வருத்தும். பழக்கமில்லாத பிள்ளை வெறுங்காலுடன் தார்வீதியில் ஓடி சிவநாத் சிங்கைப் பின்பற்ற முயலலாகாது. அவரது பாதங்கள் ஆண்டுக்கணக்கில் பழகியவை. தலைசுற்றலோ நெஞ்சுவலியோ தோன்றினால் உடனே நிற்பதே அறிவுடைமை. அவ்வாறு நின்ற பிள்ளையைப் பெற்றோர் ஏளனம் செய்யலாகாது.

புனித பவுலும் தம் வாழ்வை ஓர் ஓட்டமாகவே கண்டார். செபமும் பொறுமையும் பிறரன்பும் ஒரே நாளில் கைவருவன அல்ல. அவையும் நாள்தோறும் சிறிது சிறிதாகவே வளர்கின்றன. இவ்வாண்டு ஓட்டம் முடிந்து நம் பிள்ளை கடைசியாக வந்து சேர்ந்தாலும் அவனைக் கைகொடுத்து வரவேற்போம். அவன் மறுநாளும் பயிற்சிக்கு எழுவதற்கு அந்த அன்பே துணைசெய்யும்.