பல்லவபுரத்து மறைமலையடிகள்

அடையாற்றங்கரையில் அமைந்த ஊர் அனகாபுத்தூர். கைத்தறி நெசவால் பெயர் பெற்றது அவ்வூர். அங்கு நெய்த கட்டமிட்ட துணிகள் ஒருகாலத்தில் கடல் கடந்து ஆப்பிரிக்க நாடுகளிலும் விலைபோயின. அனகாபுத்தூரிலிருந்து பம்மலைக் கடந்து சிறிது தொலைவு நடந்தால் பல்லாவரத்தை அடையலாம். பல்லவர் குடைவித்த குகைக்கோயிலை உடையது பல்லாவரம். அவர்தம் பெயரையே தாங்கிப் பல்லவபுரம் எனவும் வழங்கப்பட்டது. 1863ஆம் ஆண்டில் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலநூலறிஞர் பழங்கற்கால மக்களின் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்ததும் இவ்வூரிலேதான். இன்று தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்ட இவ்வூர்கள், அந்நாளில் வயலும் ஏரியும் குன்றும் சூழ்ந்த அமைதியான சிற்றூர்களாக இருந்தன.

அப்பல்லாவரத்திற்கு 1911ஆம் ஆண்டு மே திங்களில், சென்னையிலிருந்து தமிழாசிரியர் ஒருவர் மனைவி மக்களுடன் குடிபுகுந்தார். அவர் கையில் அப்பொழுது வேலை இல்லை. 13 ஆண்டுகள் பார்த்து வந்த கல்லூரி வேலையை அப்போதுதான் நீத்திருந்தார். வேதாசலம் என்பது அவர் பெயர். பிற்காலத்தில் தமிழுலகம் மறைமலையடிகள் என்று போற்றிய பெரியார் அவரே.

வேதாசலனார் 1876ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள், நாகப்பட்டினத்தை அடுத்த காடம்பாடியில் பிறந்தார். தந்தையார் சொக்கநாதர், தாயார் சின்னம்மையார். இளமையிலேயே தந்தையாரை இழந்தமையால், நாகை வெசுலியன் பள்ளியில் தொடங்கிய படிப்பு முற்றுப்பெறவில்லை. எனினும் கற்றல் நிற்கவில்லை. நாகையில் புத்தக வாணிகம் செய்துவந்த நாராயணசாமிப் பிள்ளை என்னும் புலவரிடம் இலக்கண இலக்கியங்களைப் பாடங் கேட்டார். பட்டம் ஏதும் பெறாத அவ்விளைஞர், தொல்காப்பியத்தையும் சங்கநூல்களையும் தம் உழைப்பாலேயே கைவரப்பெற்றார். சைவ சித்தாந்தத்தைச் சோமசுந்தர நாயகரிடம் பயின்றார்.

1898ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். பரிதிமாற்கலைஞர் எனப் பெயர் சூடிய வி. கோ. சூரியநாராயண சாத்திரியார் அங்கே தமிழ்த்துறையில் விளங்கிய காலம் அது. இருபெரும் புலவரும் ஒரே கல்லூரியில் தமிழ் பயிற்றினர். அக்கல்லூரி அப்போது உயர்நீதிமன்றத்தை அடுத்த பகுதியில் இருந்தது. பகலில் வகுப்பு, இரவில் நூலாராய்ச்சி என நாட்கள் கழிந்தன. 1902ஆம் ஆண்டில் ஞானசாகரம் என்னும் திங்களிதழைத் தொடங்கினார். 1903இல் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியும், 1906இல் பட்டினப்பாலை ஆராய்ச்சியும் வெளிவந்தன. பழம்பாட்டுக்குச் சொற்பொருள் கூறுவதோடு நின்றுவிடாமல், பாட்டின் அமைப்பையும் புலவரின் உள்ளத்தையும் ஆராய்ந்து காட்டும் புதுமுறை அவற்றில் காணப்பட்டது. கல்லூரி மாணவர்க்கும் அவை பாடத்துணையாயின.

இவ்வாறு செல்லுங்காலத்தில், சென்னைப் பல்கலைக் கழகத்தின் பாடத்திட்டம் மாறியது. கட்டாயமாக இருந்த தாய்மொழிப் பாடம் விருப்பப் பாடமாயிற்று. மாணவர் குறைந்தனர், மாணவர் குறையவே, தமிழாசிரியர்க்குக் கல்லூரிகளில் இருந்த தேவையும் குறைந்தது. தமிழ்நாட்டின் தலைநகரிலேயே தமிழ் படியாமல் ஒருவர் பட்டம் பெறலாம் என்னும் நிலை உண்டாயிற்று. தமிழே உயிரெனக் கொண்ட ஒருவர்க்கு இஃது எத்துணை வருத்தம் தந்திருக்கும் என்பதை எளிதில் உணரலாம்.

வேதாசலனார்க்கு அப்பொழுது 35ஆம் அகவை நடந்தது. மனைவியார் சவுந்தரவல்லியம்மையாரும் மக்கள் பலரும் அவர் வருவாயையே நம்பியிருந்தனர். மாதந்தோறும் ஒரே நாளில் கைக்கு வரும் ஊதியத்தை விடுவது எளிய செயலன்று. வேறு கல்லூரியையோ பள்ளியையோ நாடியிருக்கலாம். முற்காலப் புலவர்போல ஒரு வள்ளலையோ மடத்தையோ அண்டியிருக்கலாம். அவர் இரண்டையும் செய்தாரல்லர். 1911ஆம் ஆண்டு ஏப்பிரலில் கல்லூரியை விட்டு விலகினார். எழுத்தையும் பேச்சையுமே கொண்டு வாழ்வதெனத் துணிந்தார். பிறர் தறியில் கூலிக்கு நெய்தவர் தமக்கெனத் தறி ஒன்று நாட்டிக்கொண்டது போன்றது அத்துணிவு. நூல் வாங்கவும் முதல் வேண்டும்; நெய்த துணியை விற்கவும் தாமே அலைய வேண்டும்.

பல்லாவரத்தில் நிலவாடகையும் செலவும் சென்னையினும் குறைவு. தொடர்வண்டி நிலையம் இருந்தமையால் நகருக்குச் சென்று வருவதும் எளிது. சாவடித் தெருவில் அவர் இல்லம் அமைந்தது. அவ்வாண்டு ஆகத்துத் திங்களில் காவியுடை அணிந்து துறவு நிலையை மேற்கொண்டார். ஆயினும் மனைவி மக்களை விட்டு நீங்கவில்லை. இல்லத்திலேயே அவர்களைப் பேணி வாழ்ந்தார். இது சிலர்க்கு வியப்பாகவும், சிலர்க்குக் குறையாகவும் தோன்றியது. 1912இல் சமரச சன்மார்க்க நிலையம் என்னும் கழகத்தையும் அங்கே நிறுவினார்.

வருவாய்க்கு மூன்று வழிகள் இருந்தன: இதழுக்கு வரும் சந்தா, நூல் விற்பனை, சொற்பொழிவு. இதழ் திங்கள்தோறும் ஒழுங்காக வெளிவரவில்லை. இடையிடையே நின்று நின்று வந்தது. அக்காலத்தில் தமிழாராய்ச்சியை விலைகொடுத்து வாங்கிப் படிப்போர் மிகச் சிலர். ஆகவே, ஆராய்ச்சி நூல்களோடு பொதுமக்கள் விரும்பும் பொருள்களையும் பற்றி அவர் எழுதினார். மரணத்தின்பின் மனிதர் நிலை, பொருந்தும் உணவும் பொருந்தா உணவும், மக்கள் நூறாண்டு வாழ்க்கை முதலிய நூல்கள் அவ்வகையின. குமுதவல்லி, கோகிலாம்பாள் கடிதங்கள் என்னும் புதினங்களும் இயற்றினார். எப்பொருளை எழுதினும் நடையின் செம்மையை அவர் தளர்த்தவில்லை என்பது இங்கே குறிக்கத்தக்கது.

சொற்பொழிவுக்கு அழைப்போரிடம் அவர் உரிய பொருளை எதிர்பார்த்தார். சமயச் சொற்பொழிவுக்குப் பொருள் கேட்பதா எனப் பலர் பழித்தனர். மருத்துவர்க்கும் வழக்கறிஞர்க்கும் கேட்டபடி கொடுப்போர், புலவர்க்கு மட்டும் மாலையும் பாராட்டும் போதும் எனக் கருதிய காலம் அது. அப்பழிச்சொல்லுக்கு அடிகள் அஞ்சினாரல்லர். அவர் இயல்பில் கடுமை ஓரளவு இருந்தது உண்மையே. ஆனால், ஊதியம் இன்றி வாழத் துணிந்த ஒருவர் தம் உழைப்பின் மதிப்பைத் தாமே உரைக்காவிடின், வேறு யார் உரைப்பர்? 1914, 1917, 1921ஆம் ஆண்டுகளில் இலங்கை சென்று சொற்பொழிவாற்றினார். அங்கிருந்த தமிழன்பர்கள் அவரை மதித்துப் போற்றினர்.

1916ஆம் ஆண்டில் ஒரு நாள், அடிகள் தம் மகள் நீலாம்பிகையுடன் இல்லத் தோட்டத்தில் உலவிக்கொண்டிருந்தார். அம்மையார்க்கு அப்போது 13 வயது. இராமலிங்க அடிகளின் பாட்டு ஒன்றைப் பாடிய அடிகள், அதில் வரும் தேகம் என்னும் வடசொல்லுக்கு ஈடாக யாக்கை என்னும் தமிழ்ச்சொல் அமைந்திருப்பின் ஓசை இன்னும் இனிக்கும் என்று மகளுக்கு எடுத்துரைத்தார். அவ்வாறாயின் இனி நாம் தமிழிலேயே பேசலாகாதா என்று மகள் வினவினார். தனித்தமிழ் இயக்கம் அவ்வுரையாடலிலிருந்தே அரும்பிற்று என்பர். சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனார்; ஞானசாகரம் அறிவுக்கடல் ஆயிற்று; சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகம் ஆயிற்று. முன்னர் எழுதிய நூல்களையும் மறுபதிப்புக்களில் வடசொற் களைந்து திருத்தினார். பழைய பதிப்பை அப்படியே அச்சிட்டு விற்றிருந்தால் உழைப்பும் செலவும் மிஞ்சியிருக்கும். அதனை அவர் எண்ணவில்லை.

தம் நூல்களைப் பிழையின்றி வெளியிடப் பல்லாவரத்திலேயே அச்சகமும் வைத்து நடத்தினார். எழுதுவோரும் அவரே, அச்சுப்படி திருத்துவோரும் அவரே, விற்போரும் அவரே என்னும் நிலை. வந்த பொருளில் பெரும்பகுதி நூல் வாங்குவதிலேயே சென்றது. மணிமொழி நூல்நிலையம் எனப் பெயரிட்டு அவர் திரட்டிய நூல்கள் ஏறத்தாழ 4,000. ஆங்கிலம், வடமொழி, தமிழ் என்னும் மும்மொழி நூல்களும் அவற்றுள் அடங்கும். நூல்களைத் தூசு படியாமல் பேணுவதில் அவர் காட்டிய கருத்து, பிறர் தம் குழந்தைகளிடம் காட்டும் கருத்தை ஒத்திருந்தது. 1898 முதல் நாட்குறிப்பும் எழுதிவந்தார்.

1930இல் மாணிக்கவாசகர் வரலாறும் காலமும் என்னும் பெருநூல் வெளிவந்தது. 1937இல் பள்ளிகளில் கட்டாய இந்தியைப் புகுத்த முற்பட்டபோது, அதனை எதிர்த்து அடிகள் முழங்கினார். அதே 1937ஆம் ஆண்டிலேதான், அவர் விட்டு வந்த கிறித்தவக் கல்லூரி சென்னையின் நடுவிலிருந்து தாம்பரத்திற்கு இடம் பெயர்ந்தது. கல்லூரிக்குச் செல்லும் ஆசிரியரும் மாணவரும் பல்லாவரத்தைக் கடந்தே தாம்பரம் போயினர். கல்லூரியை நீத்து வந்தவர் இருந்த ஊர் வழியாகவே கல்லூரி தெற்கே வந்தது.

அடிகள் பல்லாவரத்தை விட்டுப் பெயரவில்லை. 39 ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதி, 1950ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் திரட்டிய நூல்களைக் கொண்டு 1958இல் சென்னையில் மறைமலையடிகள் நூல்நிலையம் தொடங்கப்பெற்றது. ஊதியம் இல்லாத நாட்களில் அவர் வாங்கிச் சேர்த்த நூல்களைத் தமிழ் ஆராயும் மாணவர் அங்கே எடுத்துப் பயின்றனர்.