சேரியில் எரிந்த விளக்கு

வேதத்தைப் படித்துவிட்டு வீட்டுக்குள் முடங்கியவரல்லர், ஜப்பான் நாட்டு ககாவா. 1888-ல் கோபே நகரில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். கிறிஸ்தவ மதக் கல்வி பயிலும் மாணவராயிருந்தபோதே, 1909-ல், கிறிஸ்துமஸுக்கு முதல்நாள், ஷின்காவா சேரியில் குடியேறினார். நோயாளிகளுடன் அறையைப் பகிர்ந்துகொண்டார். கண்நோய் தொற்றிப் பார்வை மங்கியது.

கஞ்சி ஊற்றினால் மட்டும் போதாது, கூலியும் உயரவேண்டும் என்று கண்டார். 1921-ல் கோபே கப்பல் பட்டறைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் முன்னின்றார், கைதானார். மறு ஆண்டே உழவர் சங்கம் அமைத்தவர்களில் ஒருவரானார். தம் நாடு தொடுத்த போருக்காகச் சீனரிடம் மன்னிப்புக் கேட்டார்; 1940-ல் மீண்டும் கைது! 1960-ல் மறைந்தார்.

அவருடைய மதம் நமக்கு உடன்பாடா என்பதன்று கேள்வி. நம்பியபடி நடந்தார் அவர். நாமோ, நம் கொள்கையை எந்தச் சேரிக்குக் கொண்டுபோனோம்?