வில்லியம் எட்வர்ட்ஸ் லாட்

வில்லியம் எட்வர்ட்ஸ் லாட் (செப்டம்பர் 8, 1880 - ஏப்ரல் 15, 1967) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஆவார். வட அமெரிக்காவில் குழந்தை அறுவை மருத்துவத்தின் முன்னோடியாகக் கருதப்படுகிறார். குடல் பிறழ்சுழற்சிக்கு அவர் வகுத்த அறுவை முறை லாட் அறுவை முறை என அழைக்கப்படுகிறது.

வாழ்க்கைச் சுருக்கம்

லாட் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் மில்டனில் பிறந்தார். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்று 1906 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1917 டிசம்பரில் கனடாவின் ஆலிஃபாக்ஸ் துறைமுகத்தில் பெருவெடிப்பு நிகழ்ந்தபோது பாஸ்டனில் இருந்து மருத்துவக் குழுவுடன் அங்கு சென்றார். காயமுற்ற குழந்தைகளைக் கண்டதே அவரைக் குழந்தை அறுவை மருத்துவத்தின்பால் திருப்பியது எனக் கூறப்படுவதுண்டு. ஆயினும், அதற்கு முன்னரே அவர் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றி வந்தார். 1927 முதல் 1945 வரை அதன் தலைமை அறுவை மருத்துவராக விளங்கினார்.

குடல் பிறழ்சுழற்சி

கருவில் வளரும் குடல், தொப்புள்கொடியினுள் சென்று மீளும்போது ஏறத்தாழ 270 பாகை சுழன்று தன் இடத்தை அடைகிறது. இச்சுழற்சி முழுமையடையாவிடில் பெருங்குடலின் தொடக்கப் பகுதி மேல்வயிற்றிலேயே தங்கிவிடும். அதிலிருந்து செல்லும் இழைப்பட்டைகள் முன்சிறுகுடலை நெருக்கும். குடல் முறுக்கிக்கொண்டால் குருதியோட்டம் தடைப்பட்டுச் சில மணி நேரங்களில் குடல் அழுகக்கூடும். பச்சை நிற வாந்தி இதன் முதன்மை அறிகுறியாகும்.

முறுக்கை நீக்குவது மட்டும் போதாது, இழைப்பட்டைகளையும் வெட்டி முன்சிறுகுடலை விடுவிக்க வேண்டும் என்பதை லாட் 1930களில் நிறுவினார். இம்முறையில் குடலை இயல்பான இடத்தில் பொருத்த முயலாமல், சிறுகுடல் வலப்புறமும் பெருங்குடல் இடப்புறமும் வைக்கப்படுகின்றன.

கூட்டுக் குறைபாடுகளைக் கண்டறிதல்

பிறழ்சுழற்சியுடன் முன்சிறுகுடலின் உட்புறத்திலும் அடைப்பு இருக்கலாம். ஒன்றை மட்டும் சரிசெய்தால் குழந்தையின் உணவுப்பாதை திறவாது. எனவே அறுவையின்போது இரண்டும் தேடப்படுகின்றன.

முன்சிறுகுடல் முழுதும் அடைபட்டிருந்தால் எக்ஸ்-கதிர்ப் படத்தில் இரட்டைக் குமிழி போன்ற தோற்றம் தெரியும். உணவுக்குழாயும் அடைபட்டு, அது மூச்சுக்குழாயுடன் இணையாதிருந்தால் வயிற்றுக்குள் காற்றே செல்லாது; அதனால் இத்தோற்றமும் மறைந்துவிடும். ஒரு குறைபாடு மற்றொன்றை மறைப்பதற்கு இது எடுத்துக்காட்டு. ஆகவே ஒரு குறைபாடு தெரிந்தவுடன் உணவுக்குழாய் முதல் மலவாய் வரை சோதிப்பது இன்றைய வழக்கமாகும். வாய்வழிச் செலுத்தும் மென்குழாய் இரைப்பையை அடையாமல் நின்றுவிடுவது உணவுக்குழாய் அடைப்பைக் காட்டும்.

பிற பணிகள்

உணவுக்குழாய் அடைப்புடன் பிறந்த குழந்தைக்கு 1939 இல் பல கட்ட அறுவையைத் தொடங்கி உயிர்பிழைக்கச் செய்தார். ராபர்ட் கிராசுடன் இணைந்து 1941 இல் குழந்தைகளின் வயிற்று அறுவை பற்றிய நூலை வெளியிட்டார். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் அறுவைப் பிரிவு அவர் பெயரால் லாட் பதக்கத்தை வழங்குகிறது.